விரால் எதற்குச் செத்தது

ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்ததும் புண்ணாக்கு வாசனை வந்தது. நாளைக் காலை ஏழு மணிக்கு அப்பா என்னை விழுப்புரத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கே ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, அங்கேயே விடுதி. பையில் எல்லாம் வைத்துவிட்டேனா என்று பார்ப்பதற்காகப் பெட்டியைத் திறந்தேன். பாகைமானிக்கு அடியில், மல்லாட்டைப் புண்ணாக்கும் கோதுமை மாவும் பிசைந்த உருண்டை ஒன்று கல்லாகக் காய்ந்து கிடந்தது. அதில் உன் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் அப்படியே இருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. உன் விரல் என்னுடையதைவிடச் சின்னது.

பக்கத்தில் உன் தக்கை. நீல ஹவாய் செருப்பிலிருந்து பிளேடால் வெட்டி, நடுவில் காம்பஸ் முனையால் துளை போட்டது. "உன் பாக்ஸுதான்டி டைட்டா மூடுது, எறும்பு பூராது" என்று சொல்லி இரையை எப்போதும் என் பெட்டியில்தான் வைப்பாய். கணக்குப் பரீட்சை அன்று கண்காணிக்க வந்த டீச்சர் என் மேசையருகே நின்று மூக்கைச் சுருக்கினார். பின் வரிசையிலிருந்து நீ தும்முவதுபோலச் சிரித்தாய்.

மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில், வேர்க்கடலைத் தூசியில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கதவுக்கு வெளியே அம்மா படுத்திருக்கிறாள். அவள் புரளும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். நீ போய் ஐம்பத்து மூன்று நாள் ஆகிறது. அந்த நாளிலிருந்து எனக்கு எல்லாச் சத்தத்துக்கும் பயம். போன் அடித்தால் அதிகப் பயம்.

பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து தினமும் தூண்டில் போடத் தொடங்கினோம். பங்குனி கடைசி. அணையில் மதகை மூடிப் பல நாள் ஆகியிருந்தது. தண்ணீர் தினமும் கொஞ்சம் உள்வாங்கும். போன வாரம் கால் நனைத்த இடத்தில் இந்த வாரம் சேறு வெடித்துக் கிடக்கும். அந்தச் சேற்றில் தட்டுத் தட்டாக வட்டக் குழிகள் இருந்தன. எருமை மிதித்தது என்று நான் சொன்னேன்.

"எருமை இன்னா காம்பஸ் வச்சிக்கினா நடக்குது? ஜிலேபி மீன் கூடுடி இது. முட்ட போடறதுக்குத் தோண்டி வச்சிருக்கு. தண்ணி எறங்கிச்சுன்னா வுட்டுட்டு உள்ள பூடும்" என்றாய். கடைசிக் குழியில் நின்று தண்ணீரைக் காட்டினாய். "இதுலேர்ந்து பத்தடி தள்ளிப் போடு. அங்க புதுசா தோண்டிக்கினு இருக்கும்."

பத்தடி தள்ளிப் போட்டேன். ஜிலேபி வந்தது.

இதையெல்லாம் உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் வீட்டில் தூண்டில் பிடித்தவர்களே கிடையாது. நீ பார்ப்பாய், மறுநாள் சரிதானா என்று போட்டுப் பார்ப்பாய், அவ்வளவுதான். தக்கை நடுங்கினால் ஜிலேபி கொறிக்கிறது. சாய்ந்து இழுபட்டால் ரோகு. படுத்துக்கொண்டால் கட்லா இரையைத் தூக்குகிறது. எந்த நடுக்கமும் இல்லாமல் நேராக உள்ளே போனால் விரால். "நேரா உள்ள பூட்டா யோசிக்காத, இழுத்துடு" என்பாய். நான் யோசிப்பேன். அதனால் எனக்கு ஒரு விரால்கூடக் கிடைத்ததில்லை.

விடிந்ததும் ஓரத்தில் போட வேண்டும், தண்ணீர் அப்போதுதான் குளிர்ந்திருக்கும். எட்டு மணிக்கு மேல் ஓரத்துத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும், மீன்கள் பட்டுப்போன வேலமரக் கட்டைகளின் நிழலுக்குப் போய்விடும். மதியத்துக்கு மேல் தெற்குக் காற்று எழும்பினால் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு உட்காரக் கூடாது. எதிர்க்கரைக்குப் போய்க் காற்று முகத்தில் அடிக்க உட்கார வேண்டும். தூண்டில் வீசுவது கஷ்டம்தான், ஆனால் தீனியெல்லாம் அலையோடு அந்தக் கரைக்குத்தான் ஒதுங்கும். உன் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. இதையெல்லாம் நான் எந்தப் பாடத்தையும்விட நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறேன்.

ஒருநாள் அணைக் காவல்காரத் தாத்தா மொபெட்டில் கரைமேல் வந்து நின்று கத்தினார்.

"பொட்டப் புள்ளைங்க தூண்டி போட்டுக்கினு உக்காந்திருக்குதுங்க பாரு. ஊட்ல வேல இல்ல?"

"இருக்குது தாத்தா. அதான் இங்க வந்துட்டோம்" என்றாய்.

அவர் சிரித்துவிட்டார். போகும்போது நம்முடைய ஜிலேபியில் நான்கை எடுத்துப் போனார். "சிரிப்புக்கு நாலு ஜிலேபியா? பேஜாருடி" என்று நாள் முழுக்கப் புலம்பினாய்.

இன்னொரு நாள் காற்றே இல்லாமல் புழுங்கிய காலை. கரையோரம் முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இவ்வளவு மீனா என்று நான் குதித்தேன். நீ தூண்டிலைப் பிரிக்கவே இல்லை.

"இன்னிக்கு ஒண்ணும் மாட்டாது. மூச்சு வாங்குது அதுங்களுக்கு. சூட்டுல தண்ணியில காத்து தீந்துபோச்சு. இப்டியே இருந்தா ஜிலேபி சாவும், ரோகு சாவும், கெண்டை சாவும். விரால் மட்டும் சாவாது."

"அது மட்டும் இன்னா ஸ்பெஷலு?"

"மேல வந்து நம்மள மாதிரி காத்தக் குடிச்சிட்டுப் போவும் மக்கு. சந்தையில தண்ணியில்லாத பக்கெட்ல உசுரோட கெடக்கும் பாத்ததில்ல? எங்க அம்மாவுக்கே தெரியும் இது."

உங்கள் அம்மாவுக்கே தெரியும். அதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விரால் குஞ்சுகளை நினைவிருக்கிறதா? ஒரு மழை பெய்து ஓய்ந்த பிறகு, கோரைப்புல் ஓரத்தில் தட்டு அளவுக்குச் சிவப்பாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அத்தனையும் குஞ்சு. அவற்றுக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும் என்றாய். ஒரு தவளைக்குட்டியை உயிரோடு முள்ளில் குத்தி, குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் இறக்கினாய்.

"பசியில்ல அதுக்கு இப்போ. கோவம். புள்ளைங்க கிட்ட எவன்டா வந்ததுன்னு வந்து கடிக்கும் பாரு."

கடித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் கடித்தது. இரண்டையும் கோரையில் கோத்துத் தொங்கவிட்டாய். குஞ்சுகள் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஓரத்திலிருந்து ஜிலேபிகள் வந்து ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்கின. நான் பாவம் என்றேன்.

"கொழம்புல போட்டா பாவம் இல்ல" என்றாய்.

"நாம குஞ்சுங்களப் புடிச்சிருந்தா அந்தத் தாய் இன்னாடி பண்ணும்?"

"அங்கயே சுத்திக்கினு கெடக்கும். வேற இன்னா பண்ணும்?"

நீ நல்லவள் என்று எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. நீ இளகிய மனசுக்காரி இல்லை. என்னை மக்கு என்று கூப்பிடுவாய். நான் தவறவிட்ட மீனைப் பற்றி ஒரு வாரம் பேசுவாய். ஆனால் ஒன்றைப் பற்றி மட்டும் நீ கேலி செய்ததே இல்லை. உன் அம்மா அணையோரம் எங்கள் கொல்லையில், எங்கள் நிலத்தில், மல்லாட்டை ஆயும்போது, அப்பாவும் அம்மாவும் கூப்பிடுவதுபோலவே நானும் "அஞ்சலை, தண்ணி வேணுமா?" என்று கேட்பேன். அவருக்கு என் அம்மாவைவிட வயது அதிகம். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் என்னைப் பாப்பா என்பார். ஒருநாள் நீ தக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "நீ எங்க அம்மாவப் பேர் சொல்லிக் கூப்புடும்போது எங்க அம்மா திரும்புது பாரு, அதான் எனக்குப் புடிக்காது. நீ கூப்புடறதுகூட இல்ல. அது திரும்புறது."

மறுநாளும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை. நீ எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. கொல்லையில் மோட்டார் கொட்டாய் வரைக்கும்தான். அதையும் நான் சாதாரணமாகவே நினைத்திருந்தேன்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

எங்கள் கொல்லைக்குப் பின்னால், இரண்டு வேலமரக் கட்டைகள் நிற்கும் இடத்தில், தண்ணீருக்குள் ஒரு பள்ளம் இருப்பதை நீதான் கண்டுபிடித்தாய். தூண்டில் நரம்பில் கல்லைக் கட்டி இறக்கி இறக்கி அளந்தாய். சுற்றிலும் முழங்கால் தண்ணீர், அங்கே மட்டும் இரண்டு ஆள் ஆழம். அணை கட்டுவதற்கு முன்னால் ஆறு ஓடிய தடம் அது. "தண்ணி வத்த வத்த எல்லா மீனும் இங்கதான்டி வந்து சேரும். யார்கிட்டயும் மூச்சு வுடாத" என்றாய். மூன்றாம் நாள் ரோகு ஒன்றை அங்கே பிடித்தாய். உன் கை நீளம் இருந்தது. கழி வளைந்து முனை தண்ணீரைத் தொட்டது. நான் பிடித்து உதவ வந்தபோது, "நீ தொடாத, அறுத்துடுவ" என்று கத்தினாய். காவல்காரத் தாத்தா கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் என்னைக் காட்டி, "இது தக்கையப் பாக்கும் தாத்தா, நான் மீனப் பாப்பேன்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

எனக்கு எரிந்தது. அந்தப் பள்ளம் எங்கள் கொல்லைக்குப் பின்னால் இருக்கிறது, இவள் யார் என்னிடம் தொடாதே என்று சொல்ல என்று தோன்றியது. ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். இதை அடிக்காமல் விடுகிறேன்.

மதியம் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "நம்ம கொல்லைக்குப் பின்னாடி ரெண்டு கட்ட நிக்குதே, அங்க அவ்ளோ மீன் இருக்குப்பா. ஒவ்வொண்ணும் கை நீளம்."

"எந்தக் கட்ட? மோட்டார் கொட்டாய்க்கு நேராவா?"

"ஆமாம்பா."

"ஓஹோ" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் ஒயர்ச் சுருளும் ஒரு மூங்கிலும் வண்டியில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். மோட்டாருக்கு என்று நினைத்தேன். மோட்டார் லைனிலிருந்து ஒயரை இழுத்துத் தண்ணீரில் போட்டால் மீன் மயங்கி மிதக்கும் என்று ஊரில் சில பேர் செய்வது எனக்குத் தெரியும். அப்பா செய்வார் என்று தெரியாது. அன்று மாலை மும்முனைக் கரண்ட் வரவே இல்லை. அப்பா இருட்டும்வரை இருந்து பார்த்துவிட்டு வெறும் கையோடு திரும்பி வந்தார். ஒயரைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்தார், மோட்டாரைப் போட்டால் அதிலும் கரண்ட் பாயும். விடியற்காலையில் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் கிளம்பினார். ஒயரை மறந்துவிட்டார்.

ஆறு மணிக்குக் கட்டைகளிடம் சந்திப்பதாகப் பேசியிருந்தோம். நான் ஐந்தரைக்கே விழித்துவிட்டேன். எழுந்திருக்கவில்லை. காத்திருக்கட்டும் என்று படுத்திருந்தேன். நீ அடிக்கடி கரைப்பக்கம் திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அது எனக்கு இனிப்பாக இருந்தது.

அம்மாவின் போன் அடித்தது. அம்மா மாட்டுக்கொட்டகையில் இருந்ததால் நான் எடுத்தேன். அப்பாதான், யாருடைய போனிலிருந்தோ பேசினார்.

"ஏம்மா, என் போன ஊட்லயே வச்சிட்டு வந்துட்டேன். அதுலேர்ந்து மோட்டாருக்கு ஒரு ரிங் வுடு. கரண்ட் வந்திருக்கும். மல்லாட்டச் செடி காஞ்சிக்கினு இருக்குது, ஜல்தி."

எங்கள் மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அந்த எண்ணுக்கு அடித்தால் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடலாம். ஆனால் அப்பாவின் போனிலிருந்து அடித்தால்தான் கேட்கும். வேறு யார் அடித்தாலும் கேட்காது. நான் அலமாரியிலிருந்து அப்பாவின் போனை எடுத்தேன். அடித்தேன். இரண்டு ரிங் போனதும் பதிவு செய்த பெண் குரல் வந்தது: "மோட்டார் இயக்கப்பட்டது. நன்றி."

ஆறு நாற்பத்திரண்டு. திரையில் பார்த்தேன். திரும்ப வந்து படுத்துக்கொண்டேன்.

நீ அங்கே முழங்கால் தண்ணீரில் நிற்பது எனக்குத் தெரியும். ஒயர் அங்கே கிடப்பது எனக்குத் தெரியாது. ஒயர் கிடப்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ நிற்பது அப்பாவுக்குத் தெரியாது. இரண்டில் ஒன்றை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும். இதை எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் வேறு விதமாக வரவில்லை.

கரண்ட் ஏழேகாலுக்கு நின்றுவிட்டது. எட்டு மணிக்குக் காவல்காரத் தாத்தா உன்னைப் பார்த்து, மொபெட்டைச் சாய்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். கரண்ட் நின்ற பிறகு இறங்கியதால் அவர் உயிரோடு இருக்கிறார். அது அவருக்குத் தெரியாது.

நான் ஓடி வந்தபோது உன்னைக் கரையில் போட்டிருந்தார்கள். உன் கழி தண்ணீரில் மிதந்தது. ஓரமாக ஒதுங்கிய இந்தத் தக்கையை யாரும் பார்ப்பதற்கு முன்னால் எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். பள்ளத்தைச் சுற்றிலும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

"சூட்டுல செத்திருக்குதுங்க. தண்ணி அப்டி கொதிக்குது" என்று யாரோ சொன்னார்கள்.

"கால் வழுக்கி இருக்கும்" என்றார் இன்னொருவர்.

நான் மீன்களைப் பார்த்தேன். ஜிலேபி. ரோகு. கெண்டை. கோரை ஓரத்தில் பெரிய விரால் இரண்டு. முந்தின இரவு நல்ல காற்று அடித்தது. எந்த மீனும் மேலே வந்து மூச்சு வாங்கியதாக யாரும் சொல்லவில்லை. விரால் சாகாது என்று நீ சொல்லியிருக்கிறாய். விரால் செத்துக் கிடந்தது.

அப்போது அப்பா திண்டிவனத்திலிருந்து வந்து சேர்ந்தார். எல்லோரும் உன்னிடம் ஓடினார்கள். அப்பா முதலில் மோட்டார் கொட்டாய்க்குள் போனார். நான் பின்னால் போனேன். உள்ளே நின்றபடி, கோரைக்குள்ளிருந்து ஒயரை இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். முனையில் ஒரு முழம் தோல் உரித்த கம்பி. என்னைப் பார்த்தார். நான் பார்த்ததைப் பார்த்தார். சுருளை வைக்கோலுக்குள் சொருகிவிட்டு வெளியே போய், உன்னைத் தூக்கினார். உன் தெருவரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு போனார். ஊரே அதைச் சொல்லிப் பெருமைப்பட்டது.

"போலீஸ் கேசுன்னு போனா பெரிய ஆஸ்பத்திரியில புள்ளயக் கூறு போட்ருவாங்க அஞ்சலை. வயசுப் பொண்ணு. வேணாம்" என்றார் உன் அம்மாவிடம். கூட இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். அன்று மாலையே புதைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அப்பா என்னைக் கொட்டாய்க்குக் கூப்பிட்டார்.

"நீ ரிங் குடுத்தது என் போன்ல இருந்திச்சு. அழிச்சிட்டேன்."

"ஒயரு?" என்றேன்.

"எந்த ஒயரு?"

நான் வைக்கோலைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "மறந்துட்டேம்மா. சத்தியமா மறந்துட்டேன்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதோடு நின்றிருந்தால் நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, வேறு குரலில் சொன்னார்: "இது வெளிய வந்துச்சுன்னா மொதல்ல இன்னா கேப்பாங்க தெரியுமா? மோட்டாரப் போட்டது யாருன்னு கேப்பாங்க. யாரு போட்டது?"

"நான்."

"அவ்ளோதான். புரிஞ்சிக்கோ."

அப்படிப் புரிந்துகொண்ட நாளிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு ஊர் வேறு கதை கட்டியது. அந்த நேரத்தில் தனியாக எதற்கு அங்கே போனாள், யாரைப் பார்க்கப் போனாள் என்று பேசினார்கள். பரீட்சை சரியாக எழுதவில்லை, மார்க் பயத்தில் குதித்துவிட்டாள் என்றார்கள். எங்கள் வீட்டில் உட்கார்ந்தே சொன்னார்கள். அம்மா அவர்களுக்குக் காபி கொடுத்தாள். நான் உள்ளே இருந்தேன். "அவ எனக்காகத்தான் நின்னுக்கினு இருந்தா" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மே மாதம் ரிசல்ட் வந்தது. நீ என்னைவிட முப்பத்தொரு மார்க் அதிகம். யாரோ பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளை உன் அம்மா நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார்.

ஆமாம், எங்கள் கொல்லைக்குத்தான். வேறு எங்கே போவார்? பத்தாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். நீ விழுந்த இடத்துக்கு முப்பது அடி இந்தப் பக்கம் குந்தி மல்லாட்டை ஆய்கிறார். இடையில் எழுந்து தண்ணீர் வரைக்கும் போய் நிற்பார், திரும்பி வருவார்.

அவர் என்னிடம் உன்னைப் பற்றி ஒன்றுமே கேட்டதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். முதல் முறை வேலைக்கு வந்த அன்று, நான் தண்ணீர் ஊற்றும்போது கேட்டார்.

"ஏன் பாப்பா, விரால் எதுக்குச் செத்துச்சு?"

"தெரியல அஞ்சலை" என்றேன்.

ரிசல்ட் வந்த மறுநாள் அந்தத் தாளை விரித்துக் காட்டினார். மார்க்கை நான் படித்துச் சொன்னேன். தாளை மடித்துக்கொண்டே, "நல்ல மார்க்குதானே பாப்பா?" என்றார். நல்ல மார்க் என்றேன். "எம் பொண்ணு எதுக்குக் குதிக்கும்?" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "விரால் எதுக்குச் செத்துச்சு? அது சூட்டுல சாவாதே." தெரியவில்லை என்றேன்.

மூன்றாம் முறை இன்று மாலை. அதே கேள்வி. ஆனால் இந்த முறை அப்பா கொட்டாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது. வீட்டுக்கு வந்ததும், "திண்டிவனம் ஸ்கூலு வேணாம். விழுப்புரம் ஹாஸ்டல்ல பேசியிருந்தேன் இல்ல, நாளைக்கே சேத்துடறேன். அஞ்சலையையும் இனிமே வேலைக்கு வர வேணாம்னு சொல்லிடு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அவளுக்கும் தெரியும் என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதனால் இன்றைக்கு எழுத வேண்டியிருக்கிறது. நாளைக்குப் பிறகு உன் அம்மாவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளும் இருக்காது, போய் நிற்க அந்தத் தண்ணீரும் இருக்காது. உன்னைப் பற்றிய பேச்சு மட்டும் ஊரில் இருக்கும்.

ஐந்தரைக்கு அம்மா பால் கறக்கப் போவாள். அப்பா ஆறுக்குத்தான் எழுவார். நடுவில் எனக்கு அரை மணி நேரம் இருக்கிறது. உன் தெருவுக்கு நான் ஒருமுறைகூட வந்ததில்லை. உங்கள் வீடு எது என்று யாரையாவது கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பார்கள். ரோட்டைத் தாண்டினால் இருநூறு அடி. பத்து வருடம் ஒரே வகுப்பில் உன்னோடு உட்கார்ந்த எனக்கு உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று தெரியாது.

முதலில் இந்தத் தாள்களைக் கதவிடுக்கில் சொருகிவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பாதி எழுதிய பிறகுதான் உறைத்தது. உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. உன் மார்க்கையே நான்தான் படித்துச் சொன்னேன். வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால், அது நேராக அப்பாவிடம் வந்து சேரும். நான்தான் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக, வாயால் படித்துக் காட்ட வேண்டும். காத்திருக்கட்டும் என்று படுத்திருந்த வரியையும், எனக்கு இனிப்பாக இருந்தது என்ற வரியையும்தான். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் அடிக்கலாம். கத்தினால் தெருவே கூடும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். மோட்டாரைப் போட்டது யார் என்று கேட்பார்கள்.

உருண்டையை உடைத்துப் பார்த்தேன், உள்ளேயும் காய்ந்துதான் இருக்கிறது. அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். தக்கையை எடுத்துக்கொண்டேன். இடது கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தப் பெண் குரல் என் காதிலேயே இருக்கிறது, யார் நன்றி சொன்னாலும் அதுதான் கேட்கிறது. இந்த இரண்டும் விழுப்புரத்துக்கும் என்னோடு வரும், எங்கே போனாலும் வரும். யோசிக்காத, இழுத்துடு என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். இத்தனை நாளாகத் தக்கை உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

வாசலில் நின்று முதலில் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுதான் இவ்வளவு நேரம் தெரியாமல் இருந்தது. அஞ்சலை என்று இனி என்னால் கூப்பிட முடியாது. அம்மா என்று கூப்பிடப் போகிறேன். அவர் உடனே திரும்பாமல் போகலாம். அந்தச் சொல்லை அந்த வீட்டில் சொன்னவள் நீ ஒருத்திதான். அதனால் வேறு யாரையோ யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பார், இல்லையென்றால் நீ என்று நினைத்துத் திரும்பிவிடுவார். திரும்பி, என்னைப் பார்ப்பார்.

அந்த நொடியில் நான் பயந்து ஓடிவிடக் கூடாது. அதற்காகத்தான் முதலில் படிக்க வேண்டிய வரியைக் கடைசியில் எழுதி வைக்கிறேன், கண்ணில் முதலில் படும்படி இந்தத் தாளை மேலே வைத்துக்கொள்வேன்:

அம்மா, விரால் கரண்ட்டில் செத்தது. ரிங் கொடுத்தது நான்.